செல்போனும் தொட்டிலும்

(சித்தேரியில் நடந்த கூட்டமைப்புப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

நம்ம குழுக் கூட்டங்களில் கொஞ்ச நாளாக ஒரு பேச்சு அடிபடுகிறது. "செல்போன் வந்துச்சு, பிள்ளை பெறுவது குறைஞ்சு போச்சு" என்று. வயசானவர்கள் சொல்கிறார்கள், சில ஆம்பிளைகளும் சொல்கிறார்கள். பொம்பளை கையில் போன் வந்ததால்தான் எல்லாம் கெட்டது என்று பேச்சு அங்கே போய் முடிகிறது. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம் என்று நினைத்தோம்.

முதலில் கணக்கு. ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை பிள்ளை பெறுகிறாள் என்று அரசாங்கம் கணக்கு எடுக்கிறது. தமிழ்நாட்டில் 1971ல் அது ஏறக்குறைய 4. அதாவது 3.9. 1991ல் 2.2 ஆகிவிட்டது. 2020ல் 1.4. அப்பா அம்மா இரண்டு பேர் போனால் அந்த இடத்துக்கு இரண்டு பேர் வர வேண்டும் என்றால் 2.1 வேண்டும் என்கிறார்கள். நாம் அதற்குக் கீழே வந்து ரொம்ப வருஷம் ஆச்சு.

இப்போது போன் கணக்கு. இந்தியாவில் முதல் செல்போன் பேச்சு நடந்தது 1995 ஜூலை 31ல், கல்கத்தாவில் இருந்து. அப்போது பேசினாலும் காசு, நமக்கு வந்த போனை எடுத்தாலும் காசு. நம்மைப் போன்றவர்கள் கையில் போன் வந்தது 2003க்குப் பிறகு, வருகிற அழைப்புக்குக் காசு இல்லை என்று ஆன பிறகுதான். மலைக்கு அதுவும் ரொம்பத் தாமதம். இன்றைக்கும் சில ஊரில் பாறை மேல் ஏறி நின்றால்தான் ஒரு கோடு சிக்னல். அப்படி இருக்க, நாலில் இருந்து இரண்டாகக் குறைந்த அந்தப் பெரிய இறக்கம் முழுக்க, நாட்டில் செல்போனே இல்லாத காலத்தில் நடந்துமுடிந்தது. போன் மேல் பழி போடுவது கணக்குக்கு ஒத்துவரவில்லை.

பின்னே எதனால் குறைந்தது? நம்ம பாட்டிகளைக் கேட்டால் தெரியும். எட்டு பெற்றேன், நாலு தங்கியது என்பார்கள். 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஆயிரம் குழந்தை பிறந்தால் நூறுக்கு மேல் ஒரு வயசு முடியும் முன்னே இறந்தன. 2020ல் அது 13. பிறந்த பிள்ளை தங்கும் என்ற தைரியம் வந்த பிறகுதான் எந்தத் தாயும் "போதும்" என்று சொல்வாள். கிராம சுகாதார நர்ஸ் வீடு தேடி வந்தது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம், 1982ல் விரிவாக்கிய சத்துணவு, பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனது, எல்லாம் சேர்ந்த வேலை அது. 1989ல் நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்களை அரசாங்கம் முதன்முதலாக ஆரம்பித்தது. கையில் நாலு காசு, வெளியே வந்து உட்கார்ந்து பேச ஒரு இடம். அதுவும் ஒரு காரணம் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

ஆனால் நம்ம மாவட்டத்தைப் பற்றிப் பெருமை மட்டும் பேசிவிட்டுப் போக முடியாது. பிள்ளை குறைந்ததில் ஒரு பங்கு, பெண் பிள்ளையைக் குறைத்தது. 1992ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001ல் தருமபுரிக்கும் கொண்டுவந்தார்கள் என்றால் சும்மா இல்லை. 2001 மக்கள்தொகைக் கணக்கில் நம்ம மாவட்டத்தில் ஆறு வயசுக்குட்பட்ட ஆண் பிள்ளைகள் 1000 பேருக்குப் பெண் பிள்ளைகள் 826தான். 2011ல் 913 ஆனது. ஏறியது சந்தோஷம். இருந்தாலும் கையில் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்குச் சின்ன ஸ்கேன் மிஷினை வைத்துக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லிக் காசு வாங்கிய கும்பல்களை 2022ல் கூட இந்த மாவட்டத்தில் பிடித்தார்கள். கருவில் ஆணா பெண்ணா என்று சொல்வது 1994 சட்டப்படி குற்றம். மலையில் பெண்ணுக்குப் பரிசம் கொடுத்துக் கட்டுகிற வழக்கம் இருந்ததால் பெண் பிள்ளையைப் பாரம் என்று நாம் நினைக்கவில்லை. இப்போது கீழ்நாட்டு வரதட்சணை மெல்ல மேலே ஏறி வருகிறது. ஒரு கருவியைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்றால் செல்போனை விட அந்தக் கருவியைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

சரி, போனுக்கு வருவோம். ஒரு வேடிக்கை பாருங்கள். நம்ம கையில் இருக்கிற போன் எந்த நாட்டுக் கம்பெனி என்று திருப்பிப் பார்த்தால், சாம்சங் தென்கொரியா. ஷாவ்மி, விவோ, ஓப்போ சீனா. பழைய நோக்கியா பின்லாந்து. இந்த மூன்று நாடுமே பிள்ளை குறைந்துபோன நாடுகள். தென்கொரியாவில் 2023ல் 0.72. நாலு பெண்களை நிறுத்தினால் மொத்தம் மூன்று பிள்ளைதான். உலகத்திலேயே குறைவு. சீனாவில் 1980ல் இருந்து 2015 வரை ஒரு பிள்ளைக்கு மேல் கூடாது என்று அரசாங்கமே கட்டாயப்படுத்தியது. இப்போது பெற்றுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறது, யாரும் கேட்கவில்லை. கொரியாவில் ஏன் இப்படி? அங்கே ராத்திரி வரை வேலை. வீட்டு வாடகை, டியூஷன் செலவு தாங்க முடியாது. பிள்ளை பெற்று வீட்டில் உட்கார்ந்த பெண்ணுக்குத் திரும்ப அதே வேலை கிடைப்பது கஷ்டம். வீட்டு வேலையும் அவள் தலையில்தான். வேலையா பிள்ளையா என்று ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அவள் என்ன செய்வாள்? இதைக் கொரியாக் கதை என்று விட்டுவிட வேண்டாம். நம்ம பக்கத்துக்கு வந்துவிட்டது, சொல்கிறோம்.

அதற்கு முன்னால் போன் கம்பெனிகளுக்குள் நடந்த போட்டியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அரூர் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் ஏன் புளியையும் சாமையையும் தூக்கிக்கொண்டு அங்கே இறங்குகிறோம்? வாங்குகிறவன் அங்கே வருவான். அவன் ஏன் வருகிறான்? விற்கிறவர்கள் அங்கே இருப்பார்கள். பக்கத்திலேயே நிழலும் தண்ணீரும் உள்ள நல்ல இடத்தில் புதுசாக ஒரு சந்தை போட்டாலும் கூட்டம் லேசில் நகராது. போனுக்குள்ளேயும் இப்படி ஒரு சந்தை இருக்கிறது. வாட்ஸ்அப், பணம் அனுப்புகிற செயலி எல்லாம் அதில் கடை விரித்த வியாபாரிகள் மாதிரி. நோக்கியாவுக்கு சிம்பியன் என்று ஒரு சந்தை இருந்தது. 2007ல் ஆப்பிள் ஐபோன் வந்தது, அது ஒரு சந்தை. 2008ல் கூகுளின் ஆண்ட்ராய்டு போன் வந்தது. எந்தக் கம்பெனி வேண்டுமானாலும் காசில்லாமல் இதைப் போட்டு போன் செய்துகொள்ளலாம் என்று கூகுள் விட்டுவிட்டது. விலை இறங்கியது, கூட்டம் எல்லாம் அங்கே போனது. 2011ல் நோக்கியா தன் சந்தையை மூடிவிட்டு மைக்ரோசாப்ட்டின் விண்டோஸ் சந்தைக்குப் போனது. அங்கே ஆள் சேரவில்லை. 2014ல் போன் தொழிலையே மைக்ரோசாப்ட்டுக்கு விற்றுவிட்டது.

இதில் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். 2006ல் இருந்து ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை ஓடியது. ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்தார்கள், அதில் பெரும்பாலும் இளம்பெண்கள். வேலூர், திருவண்ணாமலை, நம்ம பக்கம் என்று எங்கெங்கோ இருந்து போன பிள்ளைகள். எங்கோ வெளிநாட்டில் இரண்டு சந்தை ஜெயித்து ஒரு சந்தை தோற்றது. கூடவே இங்கே வரி வழக்கு ஒன்று வந்ததால் விற்பனையில் இந்தத் தொழிற்சாலையைச் சேர்க்க முடியவில்லை. 2014 நவம்பர் 1ஆம் தேதி கதவைச் சாத்தினார்கள். நிறையப் பேர் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு முன்னமே வெளியேறியிருந்தார்கள். கல்யாணக் கடன், தம்பி படிப்புக் கடன் என்று சம்பளத்தை நம்பி வாங்கியது எல்லாம் அப்படியே நின்றது. அந்தப் பெண்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. கை வேகமாகத்தான் ஓடியது. பிறகு 2019ல் அந்த இடத்தை சார்ஜர் செய்கிற சால்காம்ப் கம்பெனி வாங்கியது. அதுவும் பின்லாந்தில் பிறந்த கம்பெனிதான்.

போன் வாங்குகிற நமக்கும் இதே கதைதான். 2017ல் 1500 ரூபாய் முன்பணத்தில் ஜியோ பட்டன் போன் வந்தது, நம்ம குழுக்களில் நிறையப் பேர் வாங்கினோம். அடுத்த வருஷம் அதில் வாட்ஸ்அப் வந்தது. 2025ல் அது நின்றுவிட்டது. போன் நன்றாகத்தான் இருக்கிறது, சந்தைதான் கலைந்துவிட்டது. அதனால் பழைய மாடலை யாராவது சல்லிசாகத் தள்ளிவிட்டால், இதில் இன்னும் எத்தனை வருஷம் புதுப்பிப்பு வரும், வாட்ஸ்அப்பும் வங்கிச் செயலியும் ஓடுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். தவணையில் வாங்கினால் மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்று கூட்டிப் பாருங்கள். கீழே ஒரு கடையில் வட்டியே இல்லை என்று சொல்லி விற்ற போனுக்கு, நம்ம உறுப்பினர் ஒருவர் கட்டியதை நோட்டில் எழுதிக் கூட்டினோம். குழுவில் உள்கடன் வாங்கியிருந்தால் அதைவிடக் குறைவாக முடிந்திருக்கும். இனி போனுக்கு உள்கடன் கொடுக்கலாம், ஆனால் சிம் அந்த உறுப்பினர் பேரில் இருக்க வேண்டும், போன் அவர் கையில் இருக்க வேண்டும் என்று செயற்குழுவில் முடிவு செய்திருக்கிறோம். வீட்டுக்காரர் சட்டைப் பையில் இருக்கிற போனுக்கு நம்ம சேமிப்பில் இருந்து கடன் எதற்கு?

இப்போது முக்கியமான விஷயம். போன் தொழிற்சாலைகள் திரும்பவும் வந்துவிட்டன. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பாக்ஸ்கான் ஐபோன் செய்கிறது. ஓசூரைத் தாண்டி தேன்கனிக்கோட்டைப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஐபோனுக்குப் பாகம் செய்கிறது. நம்ம மலையில் இருந்து காலையில் இறங்கினால் சாயங்காலத்துக்குள் ஓசூர் போய்விடலாம். 2022ல் மத்திய அமைச்சர் ஒருவர், ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்துப் பழங்குடிப் பெண்கள் 6000 பேர் ஓசூரில் ஐபோன் வேலைக்குப் பயிற்சி பெற்றிருப்பதாகச் சொன்னார். அவர்களும் நம்மைப் போல மலை ஜனங்கள். இரண்டு நாள் ரயிலில் வருகிறார்கள். தமிழ்நாட்டில் பிள்ளை குறைந்து இளவயசு ஆட்கள் குறைகிறார்கள், அங்கே இன்னும் இருக்கிறார்கள் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

2024 ஜூன் மாதம் ஒரு செய்தி வந்தது. பாக்ஸ்கானில் ஐபோன் வேலைக்குக் கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை, வீட்டுப் பொறுப்பு, கர்ப்பம் என்று காரணம் சொல்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. கம்பெனி மறுத்தது. மத்திய அரசு தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. ஆள் எடுக்கும் விளம்பரத்தில் கல்யாணம் பற்றிப் போட வேண்டாம் என்று கம்பெனி ஏஜெண்டுகளுக்குச் சொன்னதாகப் பிறகு செய்தி வந்தது. விளம்பரத்தில் எடுத்துவிட்டால் நேர்முகத்தில் கேட்காமல் இருப்பார்களா என்பதுதான் எங்கள் சந்தேகம். கொரியாக் கதை நம்ம பக்கத்துக்கு வந்துவிட்டது என்றோமே, இதுதான். தாலி கட்டினால் வேலை போகும் என்றால் பெண் கல்யாணத்தைத் தள்ளுவாள். பிள்ளை பெற்றால் சம்பளம் போகும் என்றால் ஒன்றோடு நிறுத்துவாள். இதில் போனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. போன் செய்கிற இடத்தில் அவளுக்கு வைத்திருக்கிற நிபந்தனைதான் குறை.

இன்னொரு பக்கம் தலைவர்கள் எல்லாம் பிள்ளை பெறச் சொல்கிறார்கள். 2024 அக்டோபரில் ஆந்திராவில் சந்திரபாபு நாயுடு சொன்னார். சென்னையில் ஒரு கல்யாண விழாவில் மு.க.ஸ்டாலின் பதினாறு பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்டார். மக்கள்தொகை குறைந்தால் நாடாளுமன்றத்தில் நம்ம மாநிலத்து இடம் குறையும் என்பது அவர்கள் கவலை. கவலை நியாயம்தான், குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலத்துக்குத் தண்டனையா என்ற கேள்வியும் நியாயம்தான். ஆனால் டெல்லியில் சீட்டு எண்ணிக்கைக்காக நம்ம வயிற்றில் பிள்ளை வளர்க்க முடியுமா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 2018ல் 18,000 ரூபாய் என்று ஆக்கினார்கள், அதுவும் இரண்டு பிரசவத்துக்குத்தான் என்று வகுத்தார்கள். பதினாறுக்கு யார் கொடுப்பது?

நம்ம மலையில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. பன்னிரண்டாவது முடித்த பெண்ணைக் கம்பெனி கூப்பிடுகிறது. பத்தாவதிலேயே நின்ற பெண்ணுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், வயசு பதினாறு. பிள்ளை குறையக் கூடாது என்ற பேச்சைச் சாக்காக வைத்து யாராவது பதினாறு வயசுப் பெண்ணைக் கட்டிக்கொடுக்கக் கிளம்பினால் அதைக் கூட்டமைப்பு சும்மா விடாது. பதினெட்டு முடியாமல் கல்யாணம் என்று தெரிந்தால் 1098க்கு அடியுங்கள். பேரைச் சொல்லத் தேவையில்லை.

வேலைக்கு அனுப்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. ஏஜெண்டு வாயால் சொல்வதை நம்பி அனுப்பாதீர்கள், வேலை உத்தரவு கடிதம் கையில் வாங்குங்கள். கம்பெனிப் பேரில் எடுக்கிறார்களா, ஒப்பந்தக்காரர் பேரில் எடுக்கிறார்களா என்று பாருங்கள். பி.எப். எண்ணும் இ.எஸ்.ஐ. எண்ணும் பெண்ணின் போனிலேயே இருக்கட்டும். அதே எண் அடுத்த கம்பெனிக்கும் செல்லும். விடுதியை ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிப் பெண்கள் விடுதிச் சாப்பாட்டில் நோய்ப்பட்டு நூற்றைம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்தப் பிள்ளைகள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் நாட்டுக்கே தெரிந்தது. முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு சட்டத்தில் இருக்கிறது, இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு அந்தப் பணம் இ.எஸ்.ஐ.யில் இருந்து வரும். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்துபோய் தானாகவே வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டாம் என்று போகும்போதே சொல்லி அனுப்புங்கள்.

இந்த மலையில் இருந்து எத்தனை பெண்கள் இப்படிக் கம்பெனி வேலையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் கல்யாணத்தாலோ பிரசவத்தாலோ திரும்பி வந்தார்கள் என்ற பட்டியல் நம்மிடம் இல்லை. ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். பேர் வேண்டாம், ஊர், வயசு, போன வருஷம், திரும்பிய காரணம் போதும். அதை வைத்து மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கப் போகிறோம்.