அறிவியல் வகுப்பின் அடைத்த வாயில்



தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் இயற்பியல் பயின்று, நன்மதிப்பெண்ணும் பெற்ற மாணவி, கல்லூரியின் முதல் நாளிலேயே வாயடைத்துப் போகிறாள். விசை, உந்தம், முடுக்கம் என அவள் நன்கறிந்தவையெல்லாம் ஆங்கிலப் பெயர் பூண்டு அயலார்போல் எதிரே நிற்கின்றன. அவள் அறியாதவள் அல்லள்; அறிந்ததையே அடையாளங் காணமுடியாதவாறு ஆக்கப்பட்டவள். பார்வையற்றவளாகவும் இருந்துவிட்டால், அவளுக்கு அவ்வாயில் இருமுறை அடைக்கப்படுகிறது.

திறக்கும் கருவி இல்லையா? உண்டு. ஆத்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கி, பார்வையற்ற தோழர் சேம்சு தே என்பாரோடு வளர்த்த 'என்விடிஏ' என்னும் திரைபடிப்பி, கணினித் திரையிலுள்ள எழுத்தை ஒலியாக்கித் தருகிறது. விலையில்லை, தமிழும் படிக்கும். ஆனால், எந்தத் தமிழைப் படிக்கும்? அங்கேதான் கேடு. ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றது 1991இல். அதன்பின்னும் தமிழ்ப் பாடநூல்கள் பல பழைய எழுத்துருக்களிலேயே கோக்கப்பட்டன. கண்ணுக்கு அது 'அணு'. கணினிக்கோ பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியல்! தாளைப் படமெடுத்து அப்படியே ஏற்றிய பக்கங்களின் முன்போ திரைபடிப்பி வாய் திறப்பதே இல்லை. சமன்பாட்டுக்கும் இதே நிலைதான். படமாக ஒட்டினால் ஒன்றும் விளங்காது. 1998இல் வெளிவந்த 'மேத்எம்எல்' என்னும் கணக்குக் குறிமொழியில் எழுதினால், தொகுதி எது, பகுதி எது, அடுக்கு எது என்று உரிய துணைமென்பொருள் பிரித்துரைக்கும்.

ஆய்வகத்தில் ஒரு கருவியைப் பதின்மர் சூழ்ந்திருக்கப் பின்வரிசையில் நின்று எட்டிப் பார்ப்பவளுக்கும் வழியுண்டு. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், அமெரிக்கக் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய 'பெட்' செயல்விளக்கங்களில் மின்சுற்றையும் ஊசலையும் திரையில் தானே இயக்கிப் பார்க்கலாம். அவற்றைப் பிறமொழியில் பெயர்த்துக்கொள்ளவும் இசைவு தந்துள்ளனர்.

"தமிழில் கலைச்சொல் இல்லை" என்பர் சிலர். மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் பயிற்றியது 19ஆம் நூற்றாண்டில்! அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழில் தொடங்கியது 2010இல். சொல்லுக்குப் பஞ்சமில்லை, மனத்துக்குத்தான்.

எனினும், மொழிபெயர்க்கும் மென்பொருளிடம் பாடத்தை முற்றாக ஒப்படைப்பது தகாது. ஆங்கிலச் 'செல்' உயிரியலில் உயிரணு, மின்னியலில் மின்கலம், காவல்துறையிலோ சிறையறை! எது எங்கே பொருந்துமென்பதை அத்துறை ஆசிரியரே பார்த்துத் திருத்த வேண்டும்.

மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அணுகத்தக்க கல்வி அச்சட்டப்படி உரிமை, இரக்கக் கொடையன்று. ஆகவே பாடத்திட்டக் குழுக்களிடம் கேட்க வேண்டுவது இது: முதலாண்டு அறிவியற் பாடக்குறிப்புகளை ஒருங்குறித் தமிழில், சமன்பாடுகளைக் குறிமொழியில் எழுதி, வகுப்புத் தொடங்குமுன் இணையத்தில் வையுங்கள். வைக்குமுன், பார்வையற்ற மாணவர் ஒருவரைத் திரைபடிப்பியால் கேட்கச் செய்து, அவர் தடுமாறும் இடங்களைத் திருத்துங்கள்.