பொங்கல் மேடையும் பெற்றோர் சபையும்



ஒன்ராறியோ சட்டமன்றம் 2014ஆம் ஆண்டில் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டது. 2016இல் கனடிய நாடாளுமன்றமும் அவ்வாறே செய்தது. இன்று பல பாடசாலைகளில் பொங்கல் விழா நடக்கிறது. எங்கள் பிள்ளைகள் வேட்டியும் பாவாடை சட்டையும் அணிந்து போகிறார்கள். மகிழ்ச்சியான விடயம்தான்.

ஆனால் மற்றப் பதினொரு மாதமும் என்ன நடக்கிறது? பிள்ளையின் பெயரை ஆசிரியர் ஒழுங்காகச் சொல்கிறாரா? நிறத்தைச் சொல்லிக் கேலி செய்தால் யாரிடம் முறையிடுவது? பாடசாலை அனுப்பும் கடிதம் தாய்க்கு விளங்குகிறதா? சமத்துவம் என்பது இந்த விடயங்களில்தான் இருக்கிறது. இவற்றைப் பேசும் இடம் பொங்கல் மேடை அல்ல, பாடசாலையின் பெற்றோர் சபை. ஆங்கிலத்தில் ஸ்கூல் கவுன்சில் என்பார்கள்.

2000ஆம் ஆண்டு வந்த ஒன்ராறியோ ஒழுங்குவிதியின்படி, இந்தச் சபையில் பெற்றோரே பெரும்பான்மையாக இருக்க வேண்டும். தலைவரும் ஒரு பெற்றோர்தான். கல்வியாண்டு தொடங்கி 30 நாட்களுக்குள் தெரிவு நடக்கும். ஆண்டுக்குக் குறைந்தது நான்கு கூட்டங்கள். உறுப்பினர் அல்லாதவரும் போய் இருந்து கேட்கலாம். மாணவர் நடத்தை விதியையோ உடை விதியையோ மாற்றுவதென்றால் அதிபர் இந்தச் சபையின் கருத்தைக் கேட்க வேண்டும்.

"இரவு வேலை, ஆங்கிலமும் தட்டுத்தடுமாறும், நான் போய் என்ன கதைக்கிறது?" என்று பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. இரண்டு வேலை செய்பவருக்கு எல்லாக் கூட்டத்துக்கும் போவது இலேசல்ல. அயலில் நாலு குடும்பம் இருந்தால் முறை வைத்துப் போகலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று அதிபரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். தனக்கு நடந்த அநியாயத்தைத் தானே சொல்லவேண்டி வந்தால் பிள்ளை பாதியை விழுங்கிவிடும்.

இன்னொன்று. சமத்துவம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. ஒன்ராறியோ கல்விச் சட்டத்தின் 49.1ஆம் பிரிவின்படி, பிள்ளைக்கோ பெற்றோருக்கோ நாட்டில் தங்கச் சட்டபூர்வ அனுமதி இல்லை என்ற காரணத்துக்காக, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையைச் சேர்க்க மறுக்க முடியாது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டுப் பயத்தில் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் குடும்பம் எந்த நாட்டவராயினும் இதைச் சொல்லுங்கள். அந்தப் பயம் எங்களுக்குப் புதிதல்ல.

அதேபோல, வீட்டில் கறுப்பினத்தவரைத் தாழ்த்திப் பேசிவிட்டுப் பாடசாலையில் எங்களுக்கு நீதி கேட்க முடியாது. பிள்ளை இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்த முறை பிள்ளையைக் கூட்டிவரப் போகும்போது, பெற்றோர் சபைக் கூட்டம் எப்போது என்று அலுவலகத்தில் கேளுங்கள். முதல் கூட்டத்தில் ஒன்றும் கதைக்காவிட்டாலும் பரவாயில்லை, போய் இருங்கள்.