பள்ளி ஆண்டின் கடைசி வாரமும் கடற்கரைச் சங்கங்களும்



பங்குனி கழிந்து சித்திரை பிறக்கும் காலம், வேம்பார் முதல் பெரியதாழை வரையுள்ள கடற்கரையில் வேலை மிகுந்த காலமாகும். உப்பளங்களில் உப்பு வாருகிறார்கள். தேரிக்காடுகளில் பனையேறும் குடும்பங்கள் பதநீர் இறக்குகின்றன. பள்ளி ஆண்டு முடிவடைவதும் அதே சமயத்தில்தான். இவ்விரண்டும் ஒருங்கே நேர்வதனால் உண்டாகும் நஷ்டத்தைப் பற்றிச் சங்கத்தார் யோசிக்க வேண்டியது அவசியம்.

ஒதுக்குப்புறமான கிராமத்துத் தொடக்கப் பள்ளி உபாத்தியாயரின் கடைசி வாரத்தைக் கவனியுங்கள். பரீட்சை முடிந்தது, மதிப்பெண்கள் பதிவாயின. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் எழுதுவதற்காக ஒவ்வொரு பெயரையும் பிறந்த தேதியையும் அவர் சரிபார்க்கிறார். அவருடைய கவலை அந்தக் காகிதத்தைப் பற்றியதே. அது அடுத்த ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரின் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தால் ஐந்து வருஷ உழைப்பு பலிக்கும். வீட்டுப் பெட்டியில் சேலைகளுக்கடியில் தங்கிவிட்டால் அவ்வளவும் வீணாகும்.

அது ஏன் பெட்டியில் தங்குகிறது? பெற்றோருக்குப் பிள்ளைமீது அன்பில்லை என்பதன்று. 2009-ஆம் வருஷத்துச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையில் கட்டணமில்லாக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. பாடப்புத்தகமும் சீருடையும் பஸ் பாஸும் அரசாங்கத்தாரால் வழங்கப்படுகின்றன. ஆனால் விடுமுறையில் வேலைக்குப் போன பிள்ளையின் கூலி, இரண்டே மாதத்தில் குடும்பத்தின் வரும்படியாகிவிடுகிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. ஆகவே பள்ளி திறக்கும் தறுவாயில் அப்படகுத் தொழிலாளர் வீட்டில் ரொக்கம் வற்றியிருக்கிறது. அப்பொழுது அந்தக் கூலியை விட மனம் துணிவதில்லை.

இக்கரையின் பூர்வ சரித்திரம் இவ்விஷயத்தில் ஒரு பாடம் தருகிறது. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகல் ராணியாரின் பாதரட்சைச் செலவுக்கென்று முத்துக்குளித்துறையிலிருந்து பெறப்பட்டு வந்த 4,000 பணத்தை, சிறுவர்களுக்கு வேதபாடம் கற்பிக்கும் உபதேசியார்களின் சம்பளத்துக்கு விடும்படி பிரான்சிஸ் சவேரியார் வேண்டிப் பெற்றார். அக்காலத்தில் போதிப்பவர்களின் சம்பளம் முத்திலிருந்து வந்தது. ஆனால் முத்து நம்பத்தக்க வருமானமன்று. 1928-க்குப் பிறகு 1955 வரையில் தூத்துக்குடியில் முத்துச் சலாபம் நடைபெறவில்லை. 1955-இல் மீண்டும் தொடங்கி 1961-உடன் நின்று போயிற்று. எப்பொழுதோ கிடைக்கும் பெருந்தொகையைவிட, மாதந்தோறும் சேரும் சிறுதொகையே குடும்பத்தைக் காப்பாற்றும். ஐக்கிய சங்கங்களின் ஆதாரக் கொள்கையும் அதுவேயன்றோ?

ஊரார் முன்வந்தால் காரியம் கைகூடும் என்பதற்குச் சாட்சியும் இந்த ஜில்லாவிலேயே உண்டு. 1956-இல் எட்டயபுரத்தில் காமராஜர் தொடங்கி வைத்த மதிய உணவு ஏற்பாடு, ஆதியில் பொதுமக்களின் நன்கொடையைத் துணையாகக் கொண்டதாகும். பிறகு அது மாகாணமெங்கும் பரவிற்று.

ஆகவே சங்கத்தார் செய்யத் தக்கவை மூன்று. முதலாவது, பள்ளி மூடுவதற்குமுன் உபாத்தியாயரைச் சங்கக் கூட்டத்துக்கு அழைத்து, ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் யார், யார் எந்தப் பள்ளியில் சேரப்போகிறார்கள் என்பதைக் கேட்டறிதல். இரண்டாவது, மீன்பாடு நன்றாயுள்ள மாதங்களில் ஒவ்வொரு அங்கத்தினரும் ஜூன் மாதச் செலவுக்கென்று ஒரு சிறுதொகையைத் தனிக்கணக்கில் சேர்த்து வருதல். அதை வேறெந்தக் கடனுக்கும் ஈடுகட்டலாகாது. மூன்றாவது, பள்ளி திறக்கும் நாளன்று பிள்ளைகளைப் புதிய பள்ளிக்கு அழைத்துப் போய்ச் சேர்க்க நிர்வாகிகளில் ஒருவரை நியமித்தல். எழுதப் படிக்கத் தெரியாத தகப்பனார், பெரிய பள்ளியின் வாசலில் தயங்கி நிற்பதுண்டு. பக்கத்தில் சங்கத்தார் ஒருவர் இருந்தால் அந்தத் தயக்கம் நீங்கும்.

இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. இன்று ஐந்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளையே நாளைக்கு உங்கள் சங்கத்தின் கணக்கைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டியவன். உபாத்தியாயர் ஏப்ரலில் பள்ளிக் கதவைப் பூட்டலாம். ஆனால் அவருடைய ஆண்டு, கடைசிப் பிள்ளையின் பெயர் ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஏறும் நாளில்தான் முடிகிறது. அந்த நாள் வரையில் அவரைத் தனியே விடாதிருப்பது சங்கத்தாரின் கடமை.