கழுத்துத் தமனியின் குறுக்கமும் பக்கவாதமும்
(சாரம் விழாவில் ஆற்றிய உரை)



என் பெரியப்பா ஒரு சதுர்த்தசி நோன்பன்று காலையில், இடக்கண்ணில் திரை இறங்கியதுபோல் இருண்டு ஐந்து நிமிடத்தில் தெளிந்தது என்றாராம். வெறும் வயிற்று மயக்கம் என்று வீட்டார் விட்டுவிட்டனர். நான் மருத்துவன், எனக்குச் செய்தி எட்டியது பத்து நாள் கழித்து, அவருக்கு வலக்கையும் பேச்சும் போன பிறகு.

இடக்கண்ணுக்கும் வலக்கைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். இடப்புறக் கழுத்துத் தமனியே இடக்கண்ணுக்கும் மூளையின் இடப்பாதியில் பெரும்பகுதிக்கும் குருதி தருகிறது. அப்பாதி வலப்பக்க உடலையும், பெரும்பாலோர்க்குப் பேச்சையும் ஆள்கிறது.

அத்தமனி தாடைக்குச் சற்றுக் கீழே இரண்டாகக் கிளைக்கும். அங்கே குருதி சுழித்து, வெளிச்சுவரோரம் மந்தமாகிறது. ஆற்று வளைவில் வண்டல் தங்குவதுபோல் அவ்விடத்திலேயே கொழுப்புப் படிவு வளர்கிறது. குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகும் என்பது, 1840களில் பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் வெளியிட்ட கணக்கு. ஆயின் அது நீண்ட நுண்குழாய்க்கு உரியது. கழுத்தில் குறுகிய இடம் சிறிதே ஆகையால், குருதி அதனை விரைந்து கடந்துவிடுகிறது. மூளையடியில் உள்ள தமனி வளையமும் மறுபக்கத்திலிருந்து ஈடு செய்கிறது. டாப்ளர் ஸ்கேன் அளப்பது அந்த விரைவைத்தான். எனவே பாதி அடைபட்டும் நோயாளி ஒன்றும் உணரார். படிவு வெடித்து, அதன் துகளோ உறைகட்டியோ மேலே செல்லும்போதே பெரும்பாலும் இடர் நேர்கிறது. பெரியப்பாவின் கண்ணில் இறங்கிய திரை அத்தகைய துகளின் விளைவே.

முன்னறிகுறி கண்டு, 70 விழுக்காட்டுக்கு மேல் தமனி குறுகியவர்களை வட அமெரிக்காவில் ஆராய்ந்து 1991இல் முடிவு வெளியிட்டனர். மருந்து மட்டும் பெற்றோரில் 26 விழுக்காட்டினர்க்கு இரண்டாண்டுக்குள் அதே பக்கத்தில் பக்கவாதம் வந்தது. அறுவையால் படிவை நீக்கியோரில் 9 விழுக்காட்டினர்க்கே. அறிகுறி கண்ட இரண்டு வாரத்துக்குள் செய்தால் பயன் மிகுதி. எங்களிடம் பத்து நாள் இருந்தது.

புலால் உண்ணாத நமக்கு இது வராது என்று நம்மவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் புகையிலையும் அவ்வாறு வேறுபாடு பார்ப்பதில்லை. நம் இல்லத்து ஊறுகாயும் அப்பளமும் சுமக்கும் உப்பையும் நான் கூற வேண்டுவதில்லை! நோன்பு நாளில் மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவோர், முன்னதாக மருத்துவரைக் கேட்டு வேளையை மாற்றியமைத்துக் கொள்ளுங்கள். நீரும் அருந்தாத நோன்பாயின் கட்டாயம் கேளுங்கள்.

கண் இருண்டாலும், வாய் கோணினாலும், கை சோர்ந்தாலும், சொல் குழறினாலும், உடனே புறப்படுங்கள். சில நிமிடங்களில் சரியாகிவிட்டாலும் செல்லுங்கள். உறைகட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே எல்லை. சாரத்திலிருந்து கோரிமேட்டு ஜிப்மர் சில கிலோமீட்டர்தான்.

பெரியப்பா இன்று சுவரைப் பிடித்து நடக்கிறார். என்னைக் கண்டால் சிரிக்கிறார். என் பெயரை இன்னும் தேடுகிறார்.