பிள்ளைக்கு நடுப்பெயர் எது?

(பெயர்சூட்டு விழாப் பொழிவு)



பிள்ளை பிறந்த வீட்டில் மகிழ்ச்சி ஒருபுறம்; பெயரைப் பற்றிய வழக்கு மற்றொருபுறம். திருவரங்கத்தில் கொள்ளிடக்கரையை அடுத்த ஒரு வீட்டிலும் அவ்வழக்கு நடந்தது. பிறந்தது ஆண்மகவு. 'கிள்ளி' என்று பெயர் தேர்ந்தனர். உறையூரிலிருந்து ஆண்ட சோழர் தாங்கிய பெயர் அது; அதில் எவர்க்கும் மாறுபாடில்லை. மாறுபாடு எழுந்தது படிவங்களை எண்ணிப் பார்த்தபோதுதான். வருமானவரித் துறையின் நிலைக் கணக்கெண்ணுக்கும், வானூர்திப் பயணத்துக்கும், அயல்நாட்டுப் படிப்புக்கும் வரும் படிவங்கள் ஒருவர் பெயரை மூன்று கட்டங்களாக்கிக் கேட்கின்றன: முதற்பெயர், நடுப்பெயர், இறுதிப்பெயர். பிள்ளை வளர்ந்து அக்கட்டங்களை நிரப்பவேண்டிய நாளை எண்ணி, முழுப்பெயரையும் இப்போதே முடிவு செய்யப் பெரியவர்கள் கூடினர்.

"குலப்பட்டத்தை இறுதியில் வையுங்கள், தந்தை பெயர் நடுவில் நிற்கட்டும்" என்றார் பாட்டனார். "நடுவில் புதுப்பாங்கான வடநாட்டுப் பெயரொன்று இருந்தால் வெளியூரில் அழைக்க எளிது" என்றார் கடல்கடந்து வாழும் சிற்றப்பா. தலைப்பெழுத்து ஒன்றே போதும், நடுவில் ஏதும் வேண்டா என்றனர் வேறு சிலர். அதுவரை வாய் திறவாதிருந்த தாய், "பத்துத் திங்கள் சுமந்தவள் பெயருக்கு இதில் எந்தக் கட்டம்?" என்று கேட்டாள். ஒருவரும் விடை கூறவில்லை.

அவ்வினாவுக்கு விடை காண்பதே இப்பொழிவின் நோக்கம்.

உறையூர்ப் புலவர் பெயர்கள்

நடுப்பெயர் என்னும் சொல் புதிது. அது குறிக்கும் பொருள் தமிழர்க்குப் புதிதன்று. 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என்னும் பெயரில் ஊர், தந்தை, தாம் என மூன்றும் வரிசையாக நிற்கின்றன. மூன்று கட்டங்களை எவரும் கோடிட்டுக் காட்டாமலே நிரப்பிய பெயர் அது.

மதுரைக்குப் போவானேன்? திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதியாக இன்று விளங்கும் உறையூரையே பாருங்கள். உறையூர் முதுகண்ணன் சாத்தனார்: முதுகண்ணன் தந்தை, சாத்தன் மகன். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார்: ஊரோடு தாம் வாழ்ந்த சேரியும் பெயரில் உண்டு. உறையூர் இளம்பொன் வாணிகனார்: தொழில் உண்டு. பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார்: கோழி என்பது உறையூரின் மற்றொரு பெயர், பெண்பாற் புலவரும் ஊரையும் தந்தையையும் முன்னிட்டே அறியப்பட்டார். ஒருவர் பெயருக்கு முன்னே நிற்கும் உரிமை அவரை ஈன்றோர்க்கும், வளர்த்த ஊருக்கும், செய்த தொழிலுக்கும் இருந்தது என்பதை இவ்வுறையூர்ப் பெயர்கள் காட்டுகின்றன.

இலக்கணம் வகுத்த வழி

வழக்கு மட்டுமன்று, இதற்கு இலக்கணமும் உண்டு. தந்தை பெயரையும் மகன் பெயரையும் சேர்த்துச் சொல்லும்போது இடையில் என்ன நிகழும் என்பதைத் தொல்காப்பிய எழுத்ததிகாரம் கூறுகிறது. தந்தை பெயரின் ஈற்றிலுள்ள 'அன்' கெட்டு, 'அம்' என்னும் சாரியை தோன்றும். சாத்தன் மகன் கொற்றன் 'சாத்தங்கொற்றன்' ஆவான். கொற்றன் மகனும் கொற்றனேயாயின் 'கொற்றங்கொற்றன்' ஆவான். புறநானூறு போற்றும் பிட்டங்கொற்றன் பெயரும், குறுந்தொகைப் புலவர் உறையூர்ச் சல்லியங்குமரனார் பெயரும் இவ்வமைப்பினவே.

தந்தையை மகனால் குறிக்கும் வழக்கும் இருந்தது. சாத்தனுக்குத் தந்தை 'சாத்தந்தை'. ஆதனுக்குத் தந்தை 'ஆந்தை'. கோப்பெருஞ்சோழனின் உயிர்நண்பர் பிசிராந்தையார் பெயரில் உள்ள ஆந்தை இதுவே. பெற்றோர் பெயரும் பிள்ளை பெயரும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதற்கு விதி வகுத்த மொழி, ஒரு படிவத்தின் நடுக்கட்டத்தைக் கண்டு மலைக்க வேண்டுவதில்லை.

பாட்டன் பெயரைத் தாங்குபவன் 'பெயரன்'; அதுவே பேச்சில் 'பேரன்' ஆயிற்று. உறவுச் சொல்லிலேயே பெயரை வைத்த மக்கள் தமிழர்.

அரங்கத்தில் காத்த சொல்

பெயரிடுதல் விளையாட்டன்று என்பதற்குத் திருவரங்கமே சான்று. 'அரங்கம்' என்பது ஆற்றிடைக்குறை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கிடக்கும் நிலத்துக்குப் பொருந்திய தமிழ்ப்பெயர். ஆளவந்தார் மறைந்தபோது அவர் கைவிரல்கள் மூன்று மடங்கியிருந்தன என்றும், அவருடைய நிறைவேறா விருப்பங்களை நிறைவேற்றுவதாக இராமானுசர் உறுதி கூற அவை நிமிர்ந்தன என்றும் குருபரம்பரை நூல்கள் கூறும். அவ்விருப்பங்களுள் பெயர்சூட்டலும் அடங்கும். பராசரர், வியாசர் ஆகியோர் பெயர்கள் கூரத்தாழ்வானின் மக்களுக்கு வழங்கின. நம்மாழ்வாரை நினைவூட்டும் பெயரைத் தாங்கியவர் திருக்குருகைப்பிரான் பிள்ளான். திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி உரை வரைந்தவர் அவரே. அங்கும் குருகை என்னும் ஊர்ப்பெயர் முன்னே நிற்றல் காண்க. பெயர் என்பது முன்னோர்க்குக் கொடுத்த சொல்லைக் காத்தல் என அன்றைய திருவரங்கம் எண்ணியது.

பட்டம் வேண்டுமா?

இனிப் பாட்டனார் கூற்றுக்கு வருவோம். குலப்பட்டத்தைக் குடும்பப் பெயர் என்றார் அவர். பட்டம் குடும்பத்தைக் காட்டாது. இவன் இன்ன சாதியினன் என்பதையே முதலில் காட்டும். 1929 பிப்பிரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது தன்மான மாநாடு, பெயர்க்குப் பின்னால் வரும் சாதிப் பட்டங்களை விட்டொழிக்க வேண்டுமென்று முடிவு செய்தது. அம்மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சௌந்தரபாண்டியனார் முதலாகப் பலர் தம் பட்டத்தைத் துறந்தனர். அதன் பயனாகத்தான் தமிழ்நாட்டில் ஒருவர் பெயரைக் கேட்ட அளவில் அவர் சாதியை அறிய முடியாத நிலை வேரூன்றியது. பின்னோர் அரும்பாடுபட்டு அடைத்த வாயிலை, ஒரு படிவத்தின் பொருட்டுத் திறந்துவிடலாமா? சாதி ஒழியவில்லையே என்பார் உளர். உண்மைதான், ஒழியவில்லை. அதற்காக வகுப்பறையில் வருகை கூப்பிடும்போதெல்லாம் அதைப் பிள்ளையின் பெயரோடு சேர்த்துக் கூவ வேண்டுமா?

திருச்சிராப்பள்ளியின் பெருந்தமிழர் முத்தமிழ்க் காவலர் கி.ஆ.பெ. விசுவநாதம் (1899–1994) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர் பெயரில் உள்ள 'பெ' தந்தையார் பெரியண்ணப் பிள்ளையைக் குறிப்பது. மகனார் பெயராக நாடறிந்ததில் பட்டம் இல்லை, தந்தை நின்றார். குடும்பத்தை மதிக்கப் பட்டம் வேண்டுவதில்லை என்பதற்கு இவ்வோரெழுத்தே போதும்.

எழுத்தும் தமிழாகுக

அவ்வோரெழுத்தை எவ்வெழுத்தில் எழுதுவது? 'பெ' என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் 'பி' என்னும் எழுத்தாகிவிடும். அந்தப் 'பி' பெரியண்ணனா, பாண்டியனா, பொன்னனா, பூதனா என்று அறிவாரில்லை. தமிழில் பெ, பா, பொ, பூ என நான்கும் தனித்தனியே நின்று நான்கு தந்தையரைக் காட்டும். மெய்யோடு உயிரையும் ஏந்தி நிற்பதால் தமிழ்த் தலைப்பெழுத்து தெளிவு மிக்கது.

1934 முதல் 1943 வரை திருச்சிராப்பள்ளிப் பிசப்பு ஈபர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக விளங்கிய மொழிநூலறிஞர் 'ஞா. தேவநேயப் பாவாணர்' என்றே அறியப்பட்டார். தந்தையார் ஞானமுத்து. 'ஞா' என்னும் அவ்வெழுத்துக்கு நேரான எழுத்து ஆங்கில நெடுங்கணக்கில் ஏது? தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டுமென்று தமிழ்நாட்டரசு 2021 திசம்பரில் ஆணை பிறப்பித்தது. ஆணை இருந்தும் ஆங்கில எழுத்தில் தொடங்கித் தமிழில் முடிக்கும் கையொப்பம் இன்னும் மறைந்தபாடில்லை. ஆணை தாளில் நிற்கும். கையொப்பம் அவரவர் கையில் இருக்கிறது.

வடநாட்டுப் பெயரும் தமிழ்ப்பெயரும்

சிற்றப்பா விரும்பிய வடநாட்டுப் பெயரால் ஆவதென்ன? தமிழெழுத்துக்கு அடங்காத ஒலியோடு தொடங்கும் பெயரைப் பிள்ளையின் பாட்டி ஒழுங்காக அழைக்கமாட்டாள். பிள்ளைக்கே அதன் பொருள் தெரியாது. வேதாசலம் என்னும் பெயரை 1916இல் மறைமலை என மாற்றிக்கொண்ட அடிகள், தம் மக்கள் பெயரையும் தமிழாக்கினார். திருஞானசம்பந்தம் 'அறிவுத்தொடர்பு' ஆனார். மாணிக்கவாசகம் 'மணிமொழி' ஆனார். சுந்தரமூர்த்தி 'அழகுரு' ஆனார். இவற்றுள் அறிவுத்தொடர்பு என்னும் பெயர் மக்களிடையே பரவவில்லை, மணிமொழி பரவியது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மட்டும் போதாது, பெயர் நாவில் இனிது நிற்கவும் வேண்டும் என்பது இதனால் விளங்கும். அடிகளின் மருகரும், 1920இல் நெல்லையில் சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தைத் தோற்றுவித்தவருமானவரின் பெயரோ திருவரங்கனார். ஊர்ப்பெயரே ஆட்பெயராகி எவ்வளவு இயல்பாக நிற்கிறது!

முன்னடைப் பெயர் வேண்டுவோர் பாவாணர் மக்கள் பெயர்களைக் காண்க: நச்சினார்க்கினிய நம்பி, மடந்தவிர்த்த மங்கையர்க்கரசி, பைந்தமிழ் வளர்த்த பாண்டியன். வீட்டில் அழைக்க நம்பி, பாண்டியன் என்னும் குறும்பெயர்கள். முன்னே தந்தையின் வேட்கையைத் தாங்கிய அடைமொழி. நடுப்பெயருக்கு அயலாரிடம் கையேந்த வேண்டிய வறுமை தமிழுக்கு இல்லை.

தாயின் வினா

இனித் தாயின் வினா. தந்தையை மட்டுமே முன்னிட்டது பழவழக்கின் குறை என்பதை மறைப்பானேன்? ஆயினும் தாயை முன்னிடும் வழக்கு இந்நிலத்துக்கு முற்றும் அயலன்று. சாதவாகன மன்னர் வெள்ளிக்காசுகளில் ஒருபுறம் பாகதமும் மறுபுறம் தமிழோடு நெருங்கிய தென்மொழியும் பொறிக்கப்பட்டுள்ளன. அத்தென்மொழிப் பொறிப்பில் புளுமாவி என்னும் மன்னன், தாய்வழிப் பெயரால் 'வாசிட்டி மகன்' எனக் குறிக்கப்படுகிறான். அரசன் தன் காசிலேயே தாயை முன்னிட்டான் எனின் மற்றையோர் நாணுவதேன்? உருசியர் தந்தை பெயரை நடுப்பெயராக்குகின்றனர். இசுப்பானியர் தந்தைவழிப் பெயரையும் தாய்வழிப் பெயரையும் சேர்த்தே தாங்குகின்றனர். ஒவ்வொரு மக்களும் தத்தம் முறையால் கட்டத்தை நிரப்புகின்றனர். கட்டத்துக்காகத் தம் முறையை விடுவதில்லை.

ஆகவே தீர்ப்பு எளிது. பிள்ளை கிள்ளி, தாய் பொன்னி, தந்தை முருகன் எனக் கொள்க. முதற்கட்டத்தில் கிள்ளி, நடுக்கட்டத்தில் பொன்னி, இறுதிக்கட்டத்தில் முருகன். தமிழில் எழுதும்போது பொ. மு. கிள்ளி. மூன்று கட்டங்களும் நிரம்பின. சாதி நுழைய இடமில்லை. ஈன்ற இருவரும் உள்ளனர்.

பெற்றோர் காலந்தாழ்த்தலும் ஆகாது. பிறப்பை 21 நாள்களுக்குள் பதிய வேண்டும். பெயரின்றிப் பதிந்திருந்தால், 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாழ்வுக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். பதிவேட்டில் ஏறும் எழுத்தே பள்ளிக்கும் பிற சான்றுகளுக்கும் அடிப்படையாகும். எழுத்துப்பிழை ஒன்று புகுந்தால் பிள்ளை அதைத் திருத்தப் பல வாயில்கள் ஏற நேரும். எழுத்தரிடம் வாய்மொழியாகக் கூறாது, பெயரைத் தாளில் தெளிவாகத் தமிழில் எழுதிக் கொடுங்கள். பதிந்தபின் ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

உறையூரில் ஆண்ட கோப்பெருஞ்சோழன், தன் மக்களே தனக்கெதிராகப் போருக்கெழுந்ததால் நொந்து, ஆற்றிடைக்குறை ஒன்றில் வடக்கிருந்தான். அதுவரை நேரில் காணாத பிசிராந்தையார் பாண்டிநாட்டிலிருந்து வருவார், அவர்க்கு ஓரிடம் ஒதுக்குங்கள் என்றான். வாரார் என்று ஐயுற்றோர் பலர். அவர் வந்தார், அவ்விடத்திலேயே அமர்ந்தார். உரியவர்க்கு இடத்தைக் காத்து வைத்தான் சோழன், கண்டவர்க்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

பிள்ளை பெயரின் நடுவிலுள்ள இடமும் அத்தகையதே. அதைச் சாதிக்குக் கொடாதீர். பொருளறியாப் பெயருக்கு விற்காதீர். அது ஈன்றவளுக்கு உரியது. அவ்வீட்டுத் தாய்க்கு இதுவே விடை.

கிள்ளி நீடு வாழ்க!