ஓர் அலகு மின்சாரம்

மாதந்தோறும் வீட்டுக்கு வரும் மின்கட்டணப் பட்டியலில் 'அலகு' என்னும் சொல் காணப்படுகிறது. மின்குமிழிலோ 'வோல்ற்று', 'வாற்று' என்னும் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இவை ஒன்றோடொன்று உறவுடையன. அந்த உறவை யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் கை வலிக்க அறிந்த காலம் ஒன்று உண்டு.

1990 ஆம் ஆண்டிற் போர் மீண்டும் மூண்டபின், குடாநாடு தேசிய மின்தொடரிலிருந்து துண்டிக்கப்பட்டது. மண்ணெண்ணெயும் உலர்மின்கலங்களும் பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்டன. மாணவர்கள் போத்தல் விளக்கின் முன் இருந்து படித்தனர். செய்தி கேட்க விரும்பியோர் துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, சில்லோடு உராயும் தைனமோவினால் வானொலியை இயக்கினர். கை ஓய்ந்தாற் செய்தியும் ஓய்ந்தது.

அந்தத் தைனமோவையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். நன்கு சுழலும்போது அது 6 வோல்ற்று அழுத்தத்தில் அரை அம்பியர் ஓட்டத்தைத் தரும். வோல்ற்று, கிணற்றடித் தொட்டியில் நீர் நிற்கும் உயரத்தை ஒத்தது. அம்பியர், வாய்க்காலில் விநாடிக்கு ஓடும் நீரின் அளவை ஒத்தது. இரண்டையும் பெருக்கினால் வலு கிடைக்கும். அதன் அளவே வாற்று. 6 ஐ அரையாற் பெருக்க 3 வாற்று. அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை கிடைக்கும். இங்கே அது 12 ஓம்.

வீட்டு மின்சாரத்துக்கும் இதே விதிதான். 230 வோல்ற்றில் இயங்கும் 1,000 வாற்று ஸ்திரிக்கைப் பெட்டி எவ்வளவு ஓட்டத்தை இழுக்கும்? 1,000 ஐ 230 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4.35 அம்பியர்.

ஆனால் வாற்று, சக்தி செலவாகும் வேகத்தையே சொல்லும்; செலவான தொகையைச் சொல்லாது. ஒரு வாற்று என்பது விநாடிக்கு ஒரு யூல் சக்தி. தொகையை அறிய வலுவை நேரத்தாற் பெருக்கவேண்டும். 1,000 வாற்று ஒரு மணிநேரம் செலவானால் அது ஒரு கிலோவாற்று மணி. அதாவது 36 இலட்சம் யூல். பட்டியலிலுள்ள அலகு இதுவே. அந்த ஸ்திரிக்கைப் பெட்டி ஒரு மணிநேரத்தில் ஓர் அலகைச் செலவிடும். 10 வாற்று மின்குமிழ் அதே அலகில் 100 மணிநேரம் எரியும்.

இனி, தைனமோவுக்குத் திரும்புவோம். 3 வாற்று வலுவில் ஓர் அலகைப் பெற 333 மணிநேரம் வேண்டும்; இரவு பகல் ஓயாது ஏறக்குறைய 14 நாட்கள் சுழற்றவேண்டும். தோட்டக் கிணற்றிலுள்ள ஒரு குதிரைவலு நீர்ப்பம்பியோ அதே அலகை ஏறத்தாழ ஒரு மணிநேரத்திற் செலவிட்டுவிடும். குதிரைவலு 746 வாற்றுத்தான். எனினும் மோட்டரில் நேரும் இழப்பையும் சேர்த்தால் ஒரு கிலோவாற்றை அண்மிக்கும்.

2013 ஆம் ஆண்டிற் கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு 132,000 வோல்ற்று மின்வழி மீண்டும் வந்து சேர்ந்தது. இத்துணை உயர்ந்த அழுத்தம் எதற்கு? அதே வலுவை இருமடங்கு அழுத்தத்தில் அனுப்பினால் ஓட்டம் பாதியாகும். கம்பியில் வெப்பமாக வீணாவது காற்பங்காகும்.

ஒரு வீட்டின் பட்டியலில் 60 அலகு என்றிருப்பதாகக் கொள்வோம். தைனமோக் கணக்கில் அது 20,000 மணிநேரம். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓயாத உழைப்பு. ஆளில்லா அறையில் எரியும் விளக்கை அணைக்கும்படி பேரப்பிள்ளையிடம் சொல்லும் அப்பு, அந்நாளில் மிதியைச் சுழற்றியவராக இருக்கலாம். அவர் சொல்வதில் கணக்கு இருக்கிறது.