‘போதும்’ என்று சொல்லும் தோழன்



கடல் தரும் உணவை இறைவனின் அருட்கொடைகளுள் ஒன்றாகத் திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் நினைவூட்டுகின்றது. ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய தீவுகளைச் சூழ்ந்த ஆழங்குறைந்த கடலில் ஓரா, கணவாய், நண்டு என அவ்வருட்கொடை நிறைந்திருக்கிறது. அங்கே சிறு வள்ளத்தில் கரையோரத் தொழிலுக்குப் போகிறவர் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வார். ஒருவர் வள்ளத்தைப் பிடித்து நிறுத்த, மற்றவர் வலையை இழுப்பார்.

இளைஞர்களே, அந்தத் துணை யாராக இருக்க வேண்டும்? கைவலிமை மட்டும் போதாது. தக்க வேளையில் ‘போதும்’ என்று சொல்லத் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

முதலாவது, உயிரின் பொருட்டு. ஆழமில்லாத கடல்தானே என்று அலட்சியம் கொள்ளாதீர்கள். சோளகக் காற்று பலமாக எழுந்தால், ஆழங்குறைந்த நீரிலேதான் அலைகள் குறுகிச் செங்குத்தாக எழும். சிறு வள்ளம் கவிழ அதுவே போதும். இன்னும் ஒரு வலை இழுப்போம் என்று நீங்கள் சொல்லும்போது, திரும்புவோம் என்று தடுப்பவனே தோழன். அவனைக் கோழை என்று நகைக்காதீர்கள்.

இரண்டாவது, நாளைய உணவின் பொருட்டு. வலையில் சிக்கும் பெண் நண்டின் வயிற்றடியில் சில வேளைகளில் செம்மஞ்சள் நிற முட்டைத்திரள் ஒட்டியிருக்கும். பொரிக்கும் காலம் நெருங்க அது கருமையாகும். அத்திரளில் இருப்பவை பல இலட்சம் முட்டைகள். யாரும் பார்க்கவில்லை என்று அதைக் கூடைக்குள் போடுவது எளிது. விட்டுவிடு என்று சொல்லும் தோழன் உங்கள் வருமானத்தைக் குறைப்பவனல்லன், வருங்காலத்தைக் காப்பவன்.

‘போதும்’ என்பதை மறந்தால் என்ன நேரும்? கடலடியை வாரி இழுக்கும் இழுவை மடியைப் பாருங்கள். அது குஞ்சையும் முட்டையையும் மீன்கள் மேயும் கடற்புல்லையும் சேர்த்தே அள்ளுகிறது. இலங்கை 2017ஆம் ஆண்டு அத்தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. ஆனால் சட்டத்தின் கண் எட்டாத இடத்தில், வள்ளத்தில் இருக்கும் இருவரின் மனச்சாட்சியே காவல்.

பெற்றோர்களே, மகன் கடலுக்குப் போகிறான் என்றால் எவ்வளவு மீன் கொண்டுவருவான் என்று கேட்பதற்கு முன், யாருடன் போகிறான், எப்போது திரும்புவான் என்று கேளுங்கள். உயிர்காப்பு அங்கி அணிந்தானா என்று பாருங்கள். வெறுங்கையோடு திரும்பிய நாளிலும் முகம் சுளிக்காதீர்கள். வீட்டில் எழும் ஏச்சுக்கு அஞ்சியே பிள்ளைகள் காற்றையும் பொருட்படுத்தாமல் கடலில் நிற்கிறார்கள்.

கடல் நம் கையில் தரப்பட்ட அமானிதம். தோழனின் உயிரும் அவ்வாறே. இரண்டையும் பேணித் திரும்பும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு அருள்வானாக. ஆமீன்.